கண்ணை மூடினால் அம்பாசமுத்திரம்

நான் இருக்கிற எட்மண்டன் நகரத்தில் சாலையைக் கடக்கும் இடங்களில் விளக்குக் கம்பம் கூவும். வடக்கு தெற்காகக் கடக்க வேண்டுமென்றால் குயில் மாதிரி ஒரு சத்தம், கிழக்கு மேற்காக என்றால் குருவி மாதிரி கீச்சுக் கீச்சென்று இன்னொன்று. மார்கழி, தை மாதங்களில் உயிருள்ள பறவைகளை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். அந்தக் குளிரிலும் இந்தக் கம்பம் மட்டும் விடாமல் கூவிக்கொண்டிருக்கும். வந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. "நம்ம ஊர்ல காக்கா கத்துனா விருந்தாளி வருவான், இங்கன குருவி கத்துனா லாரி நிக்கும்ணே" என்று அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தக் குருவியை யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை. எனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. சுற்றி வளைத்துச் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. முதலில் மாலைக்கண். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கியது. சிறுவயதில் பப்பாளித் தண்டை ஒடித்துக் குழலாக்கி ஒரு கண்ணில் வைத்துப் பார்ப்போமே, இப்போது இரண்டு கண்ணுக்கும் அப்படித்தான் உலகம் தெரிகிறது. குழலுக்குள் விழுகிறது தெரியும், மற்றதெல்லாம் இல்லை. ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பக்கவாட்டில் வந்த தள்ளுவண்டியில் மோதி, அதன் மேலிருந்த தட்டுகள் அத்தனையும் தரையில் கொட்டிய அன்று, மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டி மிகவும் அன்பாகப் பேசினார். இந்த ஊரில் மிகவும் அன்பாகப் பேசினார்கள் என்றால் வேலை போய்விட்டது என்று பொருள்.

கண் மருத்துவர் இளம்பெண். திருமணத்துக்கு முன்பே என் பெற்றோர் உறவினர்களா என்று கேட்டாள். "ஆமாம், அதனால்தானே கட்டிவைத்தார்கள்" என்றேன். அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். யாராவது வற்புறுத்தினார்களா என்றாள். ஐயோ, அப்படியில்லை தாயே, அப்பா அம்மாவுக்கு அத்தை மகன், எங்கள் பக்கத்தில் அதுதான் முறை, வெளியில் பெண் எடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். விளக்க விளக்க அவள் முகம் வாடியது. இது ரத்தத்தில் வருகிற வியாதி, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் அதிகம் பார்க்கலாம், மருந்து கிடையாது என்று மெதுவாகச் சொன்னாள். வேறு யாருக்காவது இருக்கிறதா என்றாள். என் அண்ணனுக்கு இருக்கிறது, அவனுக்கு முழுவதும் போய்விட்டது என்று சொல்லும்போதுதான் இரண்டும் ஒரே வியாதி என்று எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் என்னுடையது வேறு, அவனுடையது வேறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தங்கராஜ் அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன். பாபநாசம், கடையம், தென்காசி என்று அவன் குரல் கொடுத்தால் தூங்குகிற பயணிகூட எழுந்து ஓடுவான். கல்யாண வயதில் அவனுக்குப் பொழுது சாய்ந்தால் கால் தடுமாறும். சாக்கடையில் இறங்குவான், நிற்கிற மாட்டின் மேல் மோதுவான். ஊர் அவனைக் குடிகாரன் என்றது. என் தகப்பனார் வேதக்கோயில் கமிட்டியில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அம்மா மட்டும் ஒரு கணக்குப் போட்டாள். "குடிகாரன்னு சொன்னா சொல்லிட்டுப் போறானுவ. குடிகாரனுக்குப் பொண்ணு கெடைச்சிரும். கண்ணு தெரியாதவனுக்கு எவன் குடுப்பான்?" என்றாள். ஒரு சொட்டுக்கூடத் தொடாத என் அண்ணன், அன்றிலிருந்து ஊருக்காகத் தள்ளாடத் தொடங்கினான். தெருமுனையில் வேண்டுமென்றே நாக்குக் குழறப் பேசுவான். எஸ்தர் மைனி ஒரு குடிகாரனைத் திருத்திவிடலாம் என்று ஜெபித்துக்கொண்டுதான் கழுத்தை நீட்டினாள். திருத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பது கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது. அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவுமில்லை.

எனக்கு விடிகிற நேரம் அவனுக்குப் பொழுது சாய்கிற நேரம். வேலைக்குப் போகிற காலத்தில் நான் பேருந்துக்காக நிற்கும்போது அவன் போன் வந்துவிடும். "லே சாமு, இப்பந்தான் ஆத்துக்குப் போயிட்டு வாரேன்" என்று ஆரம்பிப்பான். வீட்டை விட்டு இறங்கினது, கோயில் மணி அடித்தது, ரைஸ்மில் பக்கம் நெல் அவிக்கிற வாடை குப்பென்று வந்தது, பூக்கடைக்காரி "அண்ணாச்சி, பைய போங்க" என்றது, கடைசியில் இறக்கத்தில் காற்று மாறி ஈரம் மூக்கில் தட்டியது, படித்துறையில் உட்கார்ந்து கால் நனைத்தது. ஒன்று விடமாட்டான். தாமிரபரணியில் இன்றைக்குத் தண்ணீர் முழங்கால் மட்டும், பாபநாசம் அணையைத் திறந்துவிட்டிருப்பான் போல என்பான். முழுக் குருடன் ஒருவன், கோலைத் தட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்க் கால் நனைத்துத் திரும்புகிறான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு தைரியம் ஊறியது. கண் போனாலும் ஊர் இருக்கிறது, போய் விழுந்துவிடலாம் என்ற தைரியம்.

மருத்துவமனை எனக்கு லிண்டா என்ற பயிற்சியாளரை அனுப்பியது. வெள்ளைக் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவள். வந்த முதல் நாள் கோலைத் தொடவே விடவில்லை. கோலால் நடப்பதற்கு முன்னால் மனத்தால் நடக்க வேண்டும் என்றாள். கண்ணை மூடுங்கள், வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் வழியை உள்ளே பாருங்கள், பார்ப்பதைச் சொல்லுங்கள். பார்வை போகிறவனிடம் வந்து பார் பார் என்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மூடினேன். படி இறங்கினேன், வலது கைப்பக்கம் திரும்பினேன், ஒரு மணிக்கூண்டு, அப்புறம் மில், மில்லைத் தாண்டினால் ஒரு இறக்கம், இறக்கத்தில் இறங்கினால் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் கூச்சத்தோடு, "சாம், இங்கே ஆறு எங்கே இருக்கிறது? நதிப் பள்ளத்தாக்கு நகரத்தின் அந்தப் பக்கம் அல்லவா?" என்றாள். நான் கண்ணைத் திறந்தேன். என் வாசலில் பனியைத் தள்ளி ஒதுக்கி வைத்திருந்தார்கள். எதிர் வீட்டின் நிறம் என்ன என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பத்தொன்பது வருடமாக அந்த வாசலில் ஏறி இறங்குகிறேன்.

அன்று முழுக்க அதே யோசனைதான். நானும் ஒரு காலத்தில் கனவு கண்டவன்தான். எங்கள் ஊர் அம்பையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற கடை ஒன்றின் சுவரில் பனிமலைப் படம் ஒட்டியிருந்தார்கள். சித்திரை வெயிலில் அதன் முன்னால் நின்று, தடித்த கோட்டும் தொப்பியுமாக என்னை நானே அந்தப் படத்துக்குள் நடக்கவிட்டுப் பார்ப்பேன். உடம்பு சிலிர்க்கும். சேக்காளிகள் என்னைக் கோட்டு மாப்பிள்ளை என்று கேலி செய்தார்கள். கோட்டின் பொத்தான் நிறம் வரைக்கும் நான் பார்த்துவைத்திருந்தேன். அந்தப் படம்தான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இங்கே விட்டது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உழைப்பு பின்னால்தான் வந்தது. ஆனால் வந்து இறங்கியதோடு படம் முடிந்துவிட்டது. நம் ஆட்களின் கனவு விமான நிலையம் வரைக்கும்தான் போகும். அதற்கப்புறம் ஊருக்குத் திரும்புகிற கனவு ஒன்று உண்டு. நடுவில் கிடக்கிற வாழ்க்கைக்குப் படமே கிடையாது. நாற்பது தாண்டியவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஜெபம் என்பார்கள், இல்லாவிட்டால் தூக்கம் என்பார்கள். நாளைக்கு இருக்கப்போகிற இடத்தை உள்ளே கட்டிப் பார்க்கிறான் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்று நிற்கிறவனுக்கு எந்தக் காலை எடுத்து எங்கே வைப்பது என்றுகூட யோசிக்கத் தோன்றவில்லை.

நான் வேறுவிதமாக முடிவு செய்தேன். கண்ணை மூடினால் தானாகவே அம்பாசமுத்திரம் வருகிறது. அப்படியென்றால் குருடனாக இருப்பதற்கு எனக்குத் தோதான இடம் அதுதான். லிண்டாவும் வேண்டாம், குருவியும் வேண்டாம். என் மனைவி கிரேஸ் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள்; மகளின் படிப்பு முடியவில்லை. கிரேஸ் சண்டை போடவில்லை. "கண்ணு கொஞ்சம் இருக்கும்போதே ஒருதரம் போய்ப் பாத்துட்டு வாங்க. பொறவு முடிவு பண்ணுவோம்" என்றாள். மாசி மாதம், பிசான நெல் அறுவடை நேரத்தில், ஊருக்குப் போனேன்.

திருநெல்வேலியிலிருந்து அம்பைக்குப் பேருந்தில் போகும்போது என் குழலுக்குள் மலை விழுந்தது. மலை அப்படியேதான் இருந்தது. தெரு அப்படி இல்லை. ரோடு போடப் போட உயர்ந்து, எங்கள் வீடு பள்ளத்தில் கிடந்தது. வாசலிலிருந்து தெருவுக்கு ஏறுவதற்குக் கோணல்மாணலாகச் சிமெண்டுப் படி போட்டிருந்தார்கள். அதன் குறுக்கே யாரோ நிறுத்திய மோட்டார் சைக்கிள். அண்ணன் என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, "ஏலே, கிழடு தட்டிட்டியே" என்றான். எங்கள் இரண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்புமாக வந்தது. மைனி காப்பி கொண்டுவந்தாள். சாயங்காலம் ஆனதும் நான் எழுந்தேன். "வாண்ணே, ஆத்துக்குப் போவோம். நீ முன்னால நட, நான் பாக்கணும்" என்றேன். அவன், "இன்னைக்கு வேண்டாம்லே, அலுப்பா இருப்ப" என்றான். மறுநாள் கேட்டால் மூட்டு வலிக்குது என்றான். அதற்கடுத்த நாள் யாரோ வருவதாகச் சொன்னான். யாரும் வரவில்லை.

கட்டிலுக்கடியில் விழுந்த மாத்திரையைத் தேடக் குனிந்தபோது அவனுடைய செருப்பு கையில் தட்டுப்பட்டது. வார் காய்ந்து விறைத்திருந்தது. உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். மைனி அதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள்.

"மைனி, அண்ணன் வெளிய போயி எவ்வளவு நாளாச்சு?"

"நாளா? நாலஞ்சு வருசம் இருக்கும்" என்றாள். "குழாய் பதிக்கன்னு தெருவத் தோண்டிப் போட்டிருந்தானுவ. உள்ள விழுந்துட்டாக. நாலு பேரு சேந்து தூக்குனோம். அதுல ஒரு பய, 'பழைய குடிகாரன்லா, இன்னும் விடல போல'ன்னு சொல்லிட்டான். அன்னைக்கு உள்ள வந்து உக்காந்தவுகதான்."

"அப்ப எங்கிட்ட தினம் தினம் சொன்னது?"

"அந்த நாற்காலியில இருந்துக்கிட்டுத்தான் போயிட்டு வருவாக. உங்களுக்குப் போன் போடுததுக்கு முன்னாடி கண்ண மூடிக்கிட்டு உக்காருவாக. நீங்க பாக்கணுமே, கால் ரெண்டும் பைய அசையும். எறக்கம் வந்தா சேர்க் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிடுவாக. நீங்க போன வச்ச பொறவு ரொம்ப நேரம் மொகத்துல ஒரு சிரிப்பு இருக்கும். அந்த நேரந்தான் அவுக மனுசனா இருக்காக. அதப் போயி நான் கெடுக்கவா?"

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. நான் வீட்டை, மனைவியை, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வரத் துணிந்தது இவன் வாய்ச்சொல்லை நம்பித்தானே! செருப்பை வீசிவிட்டு, மிச்சமிருந்த வெளிச்சத்தில் தனியாக ஆற்றுக்கு நடந்தேன். அவன் சொன்ன வழியிலேயே போனேன். பூக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ரைஸ்மில்லை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி, அந்த மண்டபத்துக்கும் வயதாகிவிட்டது. போன வாரம்கூட அந்த மில்லின் வாடையை அண்ணன் சொல்ல, நான் பனியில் நின்று மூக்கை உறிஞ்சினேன். இறக்கத்தில் ஒரு சுவர் எழுப்பி வழியை மாற்றியிருந்தார்கள். சுற்றிப் போய்ப் படித்துறையை அடைந்தேன். கீழ்ப்படிகள் பெயர்ந்து கிடந்தன, கழற்றி எறிந்த ஈரத்துணிகள் கல்லோடு ஒட்டியிருந்தன. தண்ணீர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. என் சொந்த ஊரில், நான் பிறந்த தெருவுக்கு வழி தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். ஹாரனும் முகப்பு விளக்குமாக வண்டிகள் சீறிப் போயின. எதிரே வந்த ஒருவர், "என்னவே, இந்நேரத்துலயே ஏத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முன்னால் போய் நின்றேன். "ஏண்ணே பொய் சொன்ன?" என்றேன்.

"எது பொய்யி?" என்றான். "போகாம எப்படிலே சொல்ல முடியும்? போனேன். தினமும் போனேன். நீ கேக்கலன்னா எனக்குப் பாதையே தெரியாது. நீ அந்தப் பக்கம் 'பொறவு, பொறவு'ன்னு கேக்கேல்லா, அப்பந்தான் எனக்கு அடுத்த வீடு தெரியும்."

"நான் பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு இங்கன வாரதா இருந்தேனே!"

அது அவனுக்குத் தெரியாது. கண் போவதைச் சொன்னவன் இதைச் சொல்லியிருக்கவில்லை; வந்து நின்று அவனைத் திகைக்கவைக்க வேண்டுமென்று இருந்தேன். அவன் கை என் தோளைத் தேடிப் பிடித்தது.

"வராதலே. நீ வந்தா நாம ரெண்டு பேரும் சேர் போட்டு உக்காரணும். எஸ்தருக்கு ரெண்டு குருடனப் பாக்கத் தெம்பு கெடையாது. குடிகாரனா நடிச்சேன், ஊரு நம்புச்சு. நடக்குத மாதிரி நடிச்சேன், நீ நம்புன. உண்மையில நடக்க எனக்கு ஒரு எடம் கெடைக்கலலே. உனக்கு அங்கன குருவி வச்சிருக்கான்னு சொன்னேல்லா? அவன் வச்சிருக்கான்லே. அங்கனயே இரு."

அந்தக் குருவியை நான் கேலியாகச் சொன்னது எத்தனையோ வருடத்துக்கு முன்னால். அவன் அதை மறக்காமல் வைத்திருந்தான். நான் அவன் மடியில் முகம் வைத்து அழுதேன். இந்த வயதில் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். மைனி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

கனவு காண்பது நல்லதா என்று யாராவது கேட்டால் இப்போது எனக்கு ஒரே பதிலாகச் சொல்ல வரவில்லை. கண்ணை மூடி ஒரு படத்தைக் கட்டி அதற்குள் நடந்தவன்தான் நானும், அவனும். எனக்கு அது கடல் தாண்ட வழி காட்டியது. அவனை அது நாற்காலியோடு உயிர் வாழ வைத்தது, ஆனால் எழுந்து நிற்க விடவில்லை. அவன் கட்டியது இருந்து முடிந்த ஊர். நான் கட்ட வேண்டியது நான் இருக்கப் போகிற ஊர், அதற்கு என்னிடம் ஒரு செங்கல்கூட இல்லை. வயது வந்தவர்களே, என்னைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து பக்கத்துக் கடைக்குப் போய்ப் பாருங்கள். எந்த ஊர் வருகிறது?

திரும்பி வந்து லிண்டாவுக்குப் போன் செய்தேன். எதிர் வீடு நீலம் என்று இப்போது தெரியும். பார்வை இருக்கிற மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்ணை மூடி உள்ளே வைத்துக்கொள்கிறேன். பேருந்து நிறுத்தக் கண்ணாடியில் ஒரு விரிசல் இருக்கிறது. முனைக் கடையில் வறுத்த காப்பி மணம் வரும், அதைத் தாண்டினால் காற்று முகத்தில் அறையும். கஷ்டமாகத்தான் இருக்கிறது. அடிக்கடி படம் குழம்பிப் போகிறது. சில நாட்களில் கோலைத் தூக்கி எறியலாம் போல வெறி வருகிறது. கிரேஸிடம் எரிந்து விழுகிறேன், அவளும் திருப்பிக் கொடுக்கிறாள்.

அண்ணன் இன்னும் போன் செய்கிறான். "இனிமே நீ நட, நான் கூட வாரேன்" என்று சொல்லிவிட்டான். காதில் அவன் குரலை மாட்டிக்கொண்டு நான் கோலைத் தட்டி நடக்கிறேன். அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பொறவு? பொறவு?" என்று கேட்கிறான். இன்று காலையும் அப்படித்தான். நல்ல பனி. சாலை ஓரத்தில் நின்றேன். "எங்கன நிக்க?" என்றான். "கடக்கணும்ணே, குயில் கூவட்டும்" என்றேன். கூவியது. போனில் அதைக் கேட்டு அவனும் ஒருதரம் கூவினான். கடந்து அந்தப் பக்கம் ஏறினேன். காப்பி மணம் வந்தது, சொன்னேன். காற்று வந்தது, அதையும் சொன்னேன். அவன் மூச்சு வேகமாகக் கேட்டது. காற்று மாறுகிற இடம் எதுவென்று அவனுக்குத்தான் தெரியுமே.

"லே, எறக்கம் வந்துட்டு. பைய எறங்கு, படி வழுக்கும்" என்றான்.

இந்தத் தெருவில் இறக்கம் கிடையாது. பலகையாட்டம் தட்டையான தெரு. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. "சரிண்ணே" என்றேன். கோலை ஊன்றி நின்று, இடது காலை மெல்ல நீட்டி, பனிக்கு அடியில் அந்த முதல் படியைத் தேடினேன்.